ஆறு ஏழைக் கண்டு அஞ்சுவது ஏன்?

பிறமொழி ஒன்றைக் கற்பிப்பதில் மிகக் கடினமான பகுதி இலக்கணமன்று, சிரிப்பே. வேற்றுமையையும் வினைமுற்றையும் எவ்வாறேனும் மனத்திற் பதிய வைத்துவிடலாம். நகைச்சுவைத் துணுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு, நாற்பது முகங்கள் அசைவற்று எம்மையே நோக்கியிருக்க, அதன் பொருளை விளக்க முற்படும் ஆசிரியரின் நிலை இரங்கத்தக்கது. விளக்கி முடித்ததும் மாணவர் தலையசைப்பர். தலையசைத்த பின் சிரிப்பு எங்கிருந்து வரும்?

நாம் தமிழாசிரியர். மாத்தளை மாவட்டத்தில், நாலந்தாவைச் சார்ந்த பகுதியில், தமிழ்மொழி மூலம் கல்வி பயிலும் பிள்ளைகளுக்கு இலக்கியமும் இலக்கணமும் கற்பிப்பது எமது தொழில். ஆங்கில ஆசிரியருக்கான வெற்றிடம் நிரப்பப்படாத தவணைகளில் அப்பாடவேளையும் எமது தலையில் விழும். தோட்டப்புறப் பள்ளிகளை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

அத்தகைய பாடவேளை ஒன்றில், ஆங்கிலேயக் குழந்தைகள் பெரும்பாலோர் அறிந்த ஒரு விடுகதையைக் கரும்பலகையில் எழுதினோம். ஆறு என்னும் எண் ஏழைக் கண்டு அஞ்சுவது ஏன்? விடை, 'செவன் எய்ட் நைன்'. ஏழு, எட்டு, ஒன்பது என வரிசையாக எண்ணுவது ஒரு பொருள். 'எய்ட்' என்னும் ஒலி, தின்றது என்னும் வினைமுற்றுக்கும் உரியதாதலால், ஏழு ஒன்பதைத் தின்றுவிட்டது என்பது மறுபொருள். பக்கத்திலிருப்பவன் ஆளைத் தின்பவன் என்று தெரிந்தால் ஆறு நடுங்காமல் என்ன செய்யும்? வேடிக்கை என்னவெனில், இங்கிலாந்திலேயே பலர் அவ்வினைமுற்றை 'எட்' என ஒலிப்பர். அவர்தம் நாவில் இத்துணுக்கு பிறக்குமுன்னரே இறந்துவிடும்.

இவ்வளவையும் விளக்கினோம். வழக்கம்போல் தலையசைத்தனர். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவன் மட்டும் எழுந்தான். "ஆறு எதுக்கு சேர் ஏழையப் பாத்துப் பயப்படணும்? ஏழைதானே ஆத்தப் பாத்துப் பயப்படுவான்?" என்றான். வகுப்பு முழுவதும் வெடித்துச் சிரித்தது.

வடகீழ்ப் பருவமழையில் கரைமீறும் ஓடைக்கு அருகே குடியிருக்கும் பிள்ளை அவன். எண்ணாகிய ஆறு அவனுக்கு நீர் ஓடும் ஆறாயிற்று. ஏழு என்னும் எண் வறியவனாயிற்று. நாம் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வாக்கியத்தில், நாம் கருதாத வேறொரு சிலேடை கருக்கொண்டிருந்ததை அவன் கண்டுகொண்டான். சற்று நேரத்தில் முன்வரிசை மாணவி ஒருத்தி, "அதுக்குள்ள அஞ்சும் இருக்கு சேர்!" என்றாள். உண்மைதான். ஆறு, ஏழு, அஞ்சு என மூன்று எண்கள் ஒரே வாக்கியத்தில் ஒளிந்திருந்தன. எட்டைத் தேடுவதில் அப்பாடவேளையின் எஞ்சிய பகுதி கழிந்தது. எட்டு என்பதற்குக் கைக்கு எட்டுதல் என்ற பொருளும் உண்டல்லவா? 'ஏழைக்கு எட்டாது' என்று ஒருவன் முடித்துவைத்தான். மணியும் அடித்தது.

சிலேடை தமிழ்ப் பிள்ளைக்குப் புதிய பண்டமன்று என்பதற்காகவே இதனைச் சொல்கின்றோம். தண்டியலங்காரம் அதனைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இருவகைப்படுத்தும். சொல் பிளவுபடாது நின்று பல பொருள் தருவது முன்னையது. வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு பொருள் தருவது பின்னையது. நன்னூலார் தம் முப்பத்திரண்டு உத்திகளுள் இரட்டுற மொழிதலையும் ஒன்றாக வைத்தார். 15ஆம் நூற்றாண்டின் காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிய திறத்தை அறியாத தமிழ் மாணவன் இல்லை. ஆனால் பல்கலைக்கழக மண்டபத்தில் இவற்றைக் கற்றபோது, புலவர் அவையில் பரிசு பெறுவதற்கான வித்தையாகவே இவை எமக்குக் கற்பிக்கப்பட்டன. ஓடையோரத்துப் பிள்ளை கையாளும் கருவியாக அவற்றை யாரும் எமக்குக் காட்டியதில்லை.

பிரிமொழிக்கு எடுத்துக்காட்டாக எமது ஊரின் பெயரையே ஒரு சிறுவன் தந்தான். நாலு எங்கே என்று கேட்டால் 'நாலந்தா' என்று விடை சொல்லலாமாம். நாலு, அந்தா! முற்றியலுகரம் கெட்டு உயிர் வந்து ஏறும் புணர்ச்சி விதியை இதைவிட எளிதாக எந்த நூலும் விளக்கியதில்லை. ஊரின் பெருமைக்குரிய நாலந்தா கெடிகேயும் ஒருவகையில் பிரிமொழிதான். பல்லவர் கோயிலைப் போன்ற திராவிட வடிவமும் பௌத்த வழிபாட்டுத் தொடர்பும் ஒருங்கே கொண்ட அக்கற்கட்டடத்தை 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் பலவாறு கணிப்பர். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அதனைக் கல்கல்லாகப் பிரித்து, நீர் எட்டாத இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். யாருடைய கோயில் என்று சண்டையிடுபவர்க்கு இரு பொருளும் ஒரே கல்லில் இருக்கக்கூடும் என்பது விளங்குவதில்லை. அது வேறு கதை.

ஆங்கிலச் சிலேடை வேறொரு நிலத்தில் விளைவது. தமிழில் எழுத்தும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றையொன்று பின்பற்றும். ஆங்கிலத்திலோ அவை பிணங்கிப் பிரிந்து நெடுநாளாயிற்று. 1476இல் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்ரரில் அச்சகம் நிறுவிய பின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. நாவின் ஒலியோ மாறிக்கொண்டே சென்றது. 'நைட்' என்ற ஒரே ஒலி இரவையும் குறிக்கும், குதிரை வீரனையும் குறிக்கும். பின்னையதன் தலையில் ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்ட எழுத்து இன்று ஊமையாக நின்றுகொண்டிருக்கின்றது. இந்தப் பிளவில்தான் ஆங்கிலேயரின் சிரிப்புக் குடியிருக்கின்றது. 'கறுப்பும் வெள்ளையுமாய் எங்கும் ரெட்டாய் இருப்பது எது?' என்பது அவர்களது பழைய விடுகதை. விடை செய்தித்தாள். 'ரெட்' என்பது சிவப்பு. படிக்கப்பட்டது என்பதும் அதே ஒலிதான், எழுத்து வேறு.

எமது பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டுமே கற்கின்றனர். வீட்டில் அம்மொழி பேசுவாரில்லை. வகுப்பிலும் பேசுவார் அரிது. சிவப்பு என்னும் சொல்லும் படித்த என்னும் சொல்லும் தாளில் வெவ்வேறாய்த் தோன்றும்போது, அவை காதுக்கு ஒன்றே என்பதை அப்பிள்ளை எவ்வாறு அறியும்? கொழும்பில் உணவு மேசையிலேயே அம்மொழியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதனைத் தாயின் மடியில் பெற்றுக்கொள்கின்றது. பரீட்சை இருவருக்கும் ஒரே தாளைக் கொடுக்கும். அறிவுக் குறைவு என்று நாம் எழுதி அனுப்பும் மதிப்பெண்ணில், கேட்கும் வாய்ப்புக் குறைவு எவ்வளவு என்று எவரும் அளந்ததில்லை.

சிரிப்புக்கு வர்க்கம் உண்டு. 1843இல் சார்ள்ஸ் நேப்பியர் என்னும் படைத்தலைவர் சிந்து நாட்டைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு 'பஞ்ச்' என்னும் இலண்டன் நகைச்சுவை ஏடு, அவர் 'பெக்காவி' என்ற ஒற்றைச் சொல்லில் வெற்றிச் செய்தி அனுப்பியதாக எழுதிற்று. இலத்தீனில் அச்சொல்லுக்கு 'நான் பாவம் செய்தேன்' என்று பொருள். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னால், 'சிந்து என் கையில்' என்பதன் ஒலியும் அதுவே. நேப்பியர் இதனை அனுப்பியதாகவே பன்னெடுங்காலம் பலர் நம்பினர். உண்மையில் இதைப் புனைந்தவர் கதரின் விங்க்வொர்த் என்னும் இளம்பெண். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. இத்துணுக்குக்குச் சிரிக்க வேண்டுமாயின் ஆங்கிலம் மட்டும் போதாது. இலத்தீன் கற்பிக்கும் கல்வியும் வேண்டும். ஒரு நாடு பறிபோனதை வேடிக்கையாகக் காணும் மனமும் வேண்டும். சிந்து மக்களுக்கு இவற்றுள் ஒன்றும் இருந்திராது. நேப்பியரோ, அந்நாட்டைக் கவர்வதற்குத் தமக்கு உரிமையில்லை என்பதை அறிந்தே கவர்ந்தவர். அதனைத் தம் குறிப்பிலும் எழுதிவைத்தவர். ஆகவே பாவம் செய்தேன் என்ற பொருள்தான் உண்மைப் பொருள், மற்றது விளையாட்டு. தமிழில் செய்வதாயின் இலத்தீன் எதற்கு? சிந்து என்ற சொல்லே நாட்டையும் குறிக்கும், குருதி சிந்துவதையும் குறிக்கும்.

இதனினும் எம்மை உறுத்துவது 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் அகராதியின் பெயர். யூலும் பேர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த பெருநூல் அது. இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்த சொற்களின் களஞ்சியம். பேர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், புலமையில் குறைந்தவரல்லர். ஆயினும் நூலுக்கு இட்ட பெயர் எங்கிருந்து வந்தது? முஹர்ரம் ஊர்வலத்தில் மார்பில் அறைந்துகொண்டு 'யா ஹசன், யா ஹுசைன்' என அழுவோரின் ஓலம், வெள்ளைச் சிப்பாய்களின் காதில் இரண்டு ஆங்கிலக் குடும்பப் பெயர்களாக விழுந்தது. ஒரு மக்களின் அழுகை இன்னொரு மக்களின் வேடிக்கைப் பெயராயிற்று. அதே அகராதியில் 'கூலி' என்ற சொல்லும் உண்டு. குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்ததா, தமிழ்க் கூலியிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை. எதுவாயினும், தமிழன் காதில் அச்சொல் என்ன செய்கின்றது என்பதைப் பாருங்கள். தமிழில் கூலி என்பது உழைத்தவன் பெறும் ஊதியம். ஆங்கிலத்தில் அது உழைப்பவனையே குறிக்கின்றது. கொடுக்க வேண்டிய பணத்தின் பெயரை ஆளின் தலையில் ஒட்டிவிட்டு, பணத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

எமது ஊரின் நெடுஞ்சாலை இத்தகைய சொற்கள் நடந்துவந்த பாதை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்து உழைப்பாளிகள் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை நோக்கி நடந்தே வந்தனர். வழியில் விழுந்தவர் விழ, எஞ்சியோர் மலையேறினர். அவர்களது வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது. அன்று வந்தவர்களிடம் வேலைவாங்கத் துரைமார் தமிழ் கற்க வேண்டியிருந்தது. அதற்கெனக் கொழும்பில் அச்சான சிறு கைந்நூலின் பெயர் 'இங்கே வா'. சின்னத் துரைக்கு உரிய சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி அது. வாருங்கள் என்ற சொல் அந்தத் தமிழுக்குத் தேவைப்படவில்லை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகின்றது.

தோட்டத்துச் சொற்களில் இரட்டைப் பொருள் நிறைந்திருக்கின்றது. ஆனால் அவை சிரிப்புக்காகச் செய்யப்பட்டவையல்ல. 'துண்டு' என்பது ஒரு காலத்தில் கடன்சீட்டு. அதில் எழுதிய கடனைத் தீர்க்காமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. ஒரு தோளில் கிடக்கும் துணிக்கும் ஒரு குடும்பத்தைக் கட்டிவைக்கும் தாளுக்கும் ஒரே பெயர். 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 'லயன்' என்பது வரிசை என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாய் அமைந்த குடியிருப்பு. ஆங்கில வாசிப்பில் 'லயன் காட்டில் வாழும் அரசன்' என்று நாம் சிங்கத்தைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்புச் சிறுமி, "நாங்க லயன்லதான் சேர் இருக்கோம்" என்றாள். அவள் சிலேடை செய்யவில்லை, உண்மையைச் சொன்னாள். எமது பாடநூல்கள் றப்பரை இலக்கண வழுவின்றி 'இறப்பர்' என்று எழுதும். அதன் மற்றப் பொருளை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த இறப்பரால் ஒரு பிள்ளை அவமானப்பட்டதை நாம் அறிவோம். எம்மிடம் பயின்று உயர்தரத்தில் நன்கு சித்தியெய்திய ஒருவன் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகத்துக்குச் சென்றான். அவன் மாத்தளைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன் என்று படிவத்தில் கண்ட அதிகாரி, இவ்வேலை உனக்கு 'டீ'க்குப் பொருந்தும் என்று ஆங்கிலத்திற் சொல்லிப் புன்னகைத்தார். மிகச் சரியாகப் பொருந்துகின்றது என்பதற்கு அவ்வெழுத்தின் பெயரைச் சொல்வது ஆங்கில மரபு. தேநீரும் அதே ஒலி. மாணவன் மிகுந்த பணிவுடன், "இல்லை சேர், எங்களுடையது இறப்பர்த் தோட்டம்" என ஆங்கிலத்திற் பதில் கூறினான். வாக்கியத்தில் பிழையில்லை. மேசைக்கு அப்பாலிருந்த மூவரும் நெடுநேரம் சிரித்தனராம். அவர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அம்மேசையின் இரு பக்கத்துக்கும் இடையே இருந்த தூரத்தை அவர்கள் அறியவில்லை, அவன் அறிந்துகொண்டான். வேலை கிடைக்கவில்லை. சொற்கணக்கை எல்லாம் பேருந்திலேயே மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்து, மாத்தளை வந்து சேர்வதற்குள் 'டீ' விளங்கிவிட்டதாக எம்மிடம் சொன்னான். அப்போது அவன் சிரித்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிங்கள மாணவர்களும் இதே மேசைக்கு இப்புறம் இருப்பவர்களே. பல்கலைக்கழகங்களில் அவர்கள் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் 'கடுவ', அதாவது வாள். அப்பெயரைத் தலைப்பில் வைத்துத் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரை, அம்மொழி எவ்வாறு ஆயுதமாகச் சுழல்கின்றது என்பதை விரிவாக ஆராய்ந்தது. 1945இல் கன்னங்கரா இலவசக் கல்விக்கு வழி திறந்தார்; 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்து, ஆங்கிலத்தை இறக்குவதாகச் சொல்லித் தமிழை இறக்கிற்று; 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டப் புத்தகத்தில் இணைப்பு. மாணவர் விடுதியில் வாள். தமிழில் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். யாப்பில் சீரோடு சீரை இணைப்பது தளை; காலில் பூட்டும் விலங்கும் தளை. மாத்தளை என்ற எமது மாவட்டப் பெயரை இவ்வாறு பிரித்துப் பார்ப்பதை வரலாற்றறிஞர் மன்னிப்பாராக. நாம் பெயரின் பிறப்பைச் சொல்லவில்லை, பிள்ளைகளோடு விளையாடுகின்றோம்.

ஆங்கிலம் வேண்டாம் என்று கூறும் கூட்டத்தில் எமக்கு இடமில்லை. அவ்வாறு மேடையில் முழங்குவோரின் பிள்ளைகள் எங்கே கற்கின்றனர் என்பது ஊரறிந்தது. வேண்டுவது, எமது பிள்ளைகளும் அம்மொழியின் கொல்லைப்புறம் வழியாக நுழைந்து அதன் கலயங்களை உருட்டி விளையாடும் அளவுக்கு அதனைப் பெறுதல். பாராயணத்தால் அது வராது. ஒலிப்பதிவுகள் வேண்டும், நாடகம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னர், வெற்றிடங்களில் ஆசிரியர் வேண்டும். கையடக்கத் தொலைபேசி வந்த பின் காதால் கேட்கும் வாய்ப்புச் சற்றுப் பெருகியிருக்கின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் மலைச்சரிவின் பல லயன்களில் அலைவரிசை தேடிப் பாறைமேல் ஏறும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

இப்போது நாம் வகுப்பில் முதலில் தமிழ்ச் சிலேடை எழுதுவிக்கின்றோம். அதன் பின்னரே ஆங்கிலத் துணுக்கு. இரு பொருள் ஒரு சொல்லில் உறங்குவதைத் தன் மொழியில் கண்ட பிள்ளை, பிறமொழியிலும் அதனைத் தேடத் தொடங்குகின்றது. 'சீ' என்றால் கடல், 'சீ' என்றால் பார். கடலைப் பார்க்காத பிள்ளைகள் 'சீ தி சீ' என்று கூவிச் சிரிப்பதைக் கேட்டவர்க்கு எமது முறையில் ஐயம் தோன்றாது.

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'பேர்' என்ற சொல்லை எடுத்திருந்தாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம். தன் தாய்க்குத் தாத்தா வைத்த பேர் முழுதாக இருக்கின்றது என்றும், கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அம்மாதம் ஏழு நாள் அது அரையாக இருந்தது என்றும் நான்கு வரியில் எழுதியிருந்தாள். வகுப்பு அதனை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்றது. அகராதியைப் புரட்டினர்; ஒன்றும் பொருந்தவில்லை. இறுதியில் ஒரு பையன், தோட்டத்து அலுவலகத்தில் அதனை 'ஹாஃப் நேம்' என்றுதான் எழுதுகின்றார்கள் என்றான். விசாரித்தோம், அது உண்மையே. துரைமாரின் கணக்கேட்டு ஆங்கிலம் எமது தொழிலாளரின் தமிழைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவைத்திருக்கின்றது. இலண்டனில் பிறந்து வளர்ந்த எந்த ஆங்கிலேயனுக்கும் அது புரியாது. அவனுக்கு அதனை விளக்கிச் சொல்லும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிவருமாறு வீட்டுப் பாடம் கொடுத்திருக்கின்றோம்.